குழாய்நீரும் தொட்டி மீன்களும்

களனி கங்கையில் வந்து கலக்கும் சிற்றோடைகளில், மரநிழல் கவிந்த ஆழமற்ற இடங்களில், இரண்டங்குல நீளத்தைத் தாண்டாத ஒரு சிறுமீன் வாழ்கிறது. இனம் பெருக்கும் காலத்தில் ஆண்மீனின் உடல் குருதிச் சிவப்பாக மாறும். சிங்கள மக்கள் அதனை லே தித்தயா என்பர். 'லே' என்ற சொல்லுக்குக் குருதி என்பது பொருள். மீன் வளர்ப்போர் உலகெங்கும் அதனைச் செரி பாப் என்று அழைக்கின்றனர். அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியவர் இலங்கை விலங்கியலறிஞர் பி. ஈ. பி. தெரணியகல, ஆண்டு 1929. வேற்று நாடு எதிலும் இயற்கையாக இல்லாத இம்மீன், இலங்கையின் ஈரவலயத்து ஓடைகளுக்கே உரியது.

கொழும்பில் ஒரு வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இம்மீன்கள் ஆறேழு வளர்கின்றன என்று கொள்வோம். தொட்டி நீர் சற்று மங்கிவிட்டது. வீட்டார் குழாயைத் திறந்து, தெளிந்த நீரை வாளியில் பிடித்து, பழைய நீரைக் கொட்டிவிட்டுப் புதியதை வார்க்கின்றனர். கொழும்புக் குழாய்களில் வரும் நீரிற் பெரும்பங்கு அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்து எடுக்கப்படுவது. ஆகவே மீனும் களனியைச் சேர்ந்தது, நீரும் களனியைச் சேர்ந்தது. எனினும் சிறிது நேரத்தில் மீன்கள் நிலைகொள்ளாமல் இங்குமங்கும் பாய்கின்றன. பின்னர் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மாலைக்குள் இரண்டு மூன்று மல்லாந்துவிடுகின்றன. தாய் ஆற்றின் நீர் தன் குஞ்சுக்கே நஞ்சானது எவ்வாறு?

ஆற்றிலிருந்து குழாய்க்கு வருமுன் அந்த நீர் நெடிய பயணம் ஒன்றைச் செய்கிறது. கலங்கிய ஆற்றுநீருக்குச் சீனக்காரம் எனப்படும் படிகாரத்தைச் சேர்ப்பர். நுண்ணிய மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியிற் படியும். தெளிந்த நீர் மணற்படுக்கைகளின் ஊடாக வடியும். சுண்ணாம்பிட்டு அதன் அமிலத்தன்மையைத் திருத்துவர். இறுதியாகக் குளோரீன் சேர்ப்பர். இதுகாறும் சொன்ன எல்லாவற்றையும் மீன் பொறுத்துக்கொள்ளும். கடைசியிற் சொன்ன ஒன்றைத்தான் பொறாது.

குளோரீனைக் குறை கூறுவதற்கு முன்னர், அது குழாய்க்குள் புகுந்த கதையையும் அறிந்திருத்தல் நன்று. நெருப்புக்காய்ச்சலும் வாந்திபேதியும் குடிநீர் வழியாகவே பரவின. இங்கிலாந்தின் லிங்கன் நகரில் நெருப்புக்காய்ச்சல் பரவியபோது, 1905 ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் ஹூஸ்ரன் என்பார் நகரின் நீருக்கு இடைவிடாது குளோரீன் சேர்மம் ஒன்றைக் கலக்கச் செய்தார். 1908 இல் அமெரிக்காவின் ஜேர்சி நகரில் இம்முறை நிலையாகவே கைக்கொள்ளப்பட்டது. பின்னர் உலகின் நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதனைப் பின்பற்றின. இதனால் உயிர் பிழைத்த குழந்தைகளுக்குக் கணக்கில்லை. சுத்திகரிப்பு நிலையத்தில் நீரைத் தூய்மையாக்கி விடுவது மாத்திரம் போதாது. குழாய்கள் பல மைல் தூரம் நிலத்தின் கீழ் ஓடுகின்றன. எங்கோ ஒரு பொருத்தில் கசிவிருந்தால் அழுக்கு உட்புகலாம். அதனால் வீட்டுக் குழாயின் வாயை அடையும்போதும் சிறிதளவு குளோரீன் நீரில் எஞ்சியிருக்குமாறே கணக்கிட்டுச் சேர்க்கின்றனர். ஒரு லீற்றர் நீரில் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது வீட்டு வாயிலில் எஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அந்த எச்சம் ஊழியரின் கவனக்குறைவால் தங்கியது அன்று. வேண்டுமென்றே வைத்த காவல்.

அப்படியாயின் மனிதனைக் காக்கும் காவலன் மீனை ஏன் கொல்கிறான்? மனிதன் நீரைக் குடிக்கிறான். மீனோ நீரை மூச்சாக விடுகிறது. குடித்த நீரிலுள்ள சொற்பக் குளோரீன், வாயிலும் இரைப்பையிலும் உள்ள பொருள்களோடு சேர்ந்து செயலற்றுப் போகும், குருதியை எட்டாது. மீனின் நிலை வேறு. சந்தையில் மீன் வாங்கும் இல்லத்தரசியர், மீன் புதியதா பழையதா என்று அறிய அதன் பூவைத் தூக்கிப் பார்ப்பர். நூல்களிற் செவுள் எனப்படும் அப்பூ ஏன் அத்துணைச் சிவப்பாக இருக்கிறது? குருதிக்கும் புற நீருக்கும் இடையில் ஒற்றைத் தாள் போன்ற மெல்லிய தோலே அங்கு உள்ளது. நீரில் கரைந்த ஒட்சிசன் அத்தோலினூடாகவே குருதிக்குள் செல்லவேண்டும். தடித்த தோலாயின் மூச்சே நடவாது. நாள் முழுவதும், கணந்தோறும், நீர் அதன்மேல் ஓடிக்கொண்டே இருக்கிறது. குளோரீன் கலந்த நீர் ஓடினால் அந்த மெல்லிய கலங்கள் எரிந்து சிதைகின்றன. அதன்மேற் சளி படர்கிறது. ஒட்சிசன் நுழைய வழியில்லை. நீரில் ஒட்சிசன் நிறைந்திருந்தும் மீன் மூச்சுத்திணறி இறக்கிறது. மேற்பரப்புக்கு வந்து அது வாயைத் திறப்பதைப் பசியென்று எண்ணி உணவு தூவுவாரும் உளர்!

அளவை நோக்கினால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் நன்னீர் உயிரினங்களுக்காக வகுத்த வரையறையின்படி, நான்கு நாட் சராசரியாக ஒரு லீற்றரில் 0.011 மில்லிகிராமுக்கு மேற்பட்ட குளோரீன் தங்கலாகாது. மனிதனுக்குக் குறைந்தபட்சம் இருக்கவேண்டும் என்று சொல்லப்பட்ட 0.2 மில்லிகிராம், இந்த வரையறையைப் போலப் பதினெட்டு மடங்கு. தொட்டியின் காற்பங்கு நீரை மாத்திரம் மாற்றினாற் போதுமே என்று கேட்கலாம். குழாய்நீரில் 0.5 மில்லிகிராம் இருக்குமாயின், காற்பங்கு கலந்த உடனே தொட்டியில் 0.125 மில்லிகிராம் ஆகும். வரையறையைப் போலப் பதினொரு மடங்கு. தொட்டியிலுள்ள அழுக்கும் பாசியும் அதில் ஒரு பகுதியை விரைந்து விழுங்கிவிடும் என்பது உண்மையே. சில வீடுகளில் எந்தப் பக்குவமும் செய்யாமற் சிறிதளவு நீரை ஊற்றியும் மீன்கள் பிழைத்துக்கொள்வது இதனால்தான். அதனைக் கண்டு துணிவு கொள்வது, வண்டி வராத வேளையில் தெருவைக் கடந்தவன் தெருவே ஆபத்தற்றது என்று எண்ணுவதை ஒக்கும். மழை வெள்ளத்தால் ஆறு கலங்கும்போது சுத்திகரிப்பு நிலையத்தார் குளோரீனைக் கூட்டுவர். அன்றைக்கு அதே வாளி நீர் அதே தொட்டியை அழித்துவிடும்.

இத்துணைத் தொல்லையாயின் நீரை மாற்றாமலே விட்டுவிட்டால் என்ன? அதுவும் ஆகாது. மீன் தன் கழிவை அமோனியாவாகச் செவுள் வழியே வெளிவிடுகிறது. உண்ணாது எஞ்சிய உணவும் அழுகி அமோனியாவாகிறது. இது கொடிய நஞ்சு. ஆற்றில் ஓட்டம் அதனைக் கொண்டுபோய்விடும். நான்கு கண்ணாடிச் சுவருக்குள் எங்கே போகும்? இயற்கை இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. தொட்டியின் அடிக் கற்களிலும் வடிகட்டும் பஞ்சிலும் குடியேறும் பற்றீரியாக்களுள் ஒருவகை அமோனியாவை நைத்திரைற்று என்னும் பொருளாக்கும். அதுவும் நஞ்சே. வேறொருவகை அதனை நைத்திரேற்று ஆக்கும்; அதன் தீமை மிகக் குறைவு. ஆனால் அது தொட்டியிலேயே தங்கி நாளுக்கு நாள் கூடும். அதனைக் குறைக்க எளிய வழி, வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை எடுத்துப் புதுநீர் வார்த்தலே.

பாடசாலைகளின் விஞ்ஞான கூடங்களில் அடிக்கடி நிகழும் ஒரு காட்சி இங்கே நினைக்கத்தக்கது. மேலதிகாரிகள் பார்வையிட வருகின்றனர் என்றால், முதல்நாள் மாணவர்கள் மீன்தொட்டியை முழுமையாக வெறுமையாக்குவர். கற்களைக் குழாயின் கீழிட்டுத் தேய்த்துக் கழுவுவர். பஞ்சைப் பிழிந்து அலசுவர். கண்ணாடியைப் பளபளக்கச் செய்து குழாய்நீரை விளிம்புவரை நிரப்பி மீன்களை விடுவர். தொட்டி பளிங்குபோல் இருக்கும். அப்பிள்ளைகளின் உழைப்பில் ஒரு குறையும் இல்லை. சொல்லிக் கொடுக்கப்பட்டதிலேதான் குறை. குளோரீன் மீனின் செவுளை எரிப்பதோடு நிற்கவில்லை. கல்லிலும் பஞ்சிலும் வாரக்கணக்காக வளர்ந்திருந்த பற்றீரியாக்களையும் கொன்றுவிட்டது. நோய்க்கிருமியைக் கொல்லவே பிறந்த பொருள், நல்ல கிருமி தீய கிருமி என்று பாராது. முதல்நாட் குளோரீனுக்குத் தப்பிய மீன்கூட, நாலைந்து நாளில் அமோனியா பெருகி மடியும். அப்போது எவருக்கும் காரணம் விளங்காது. மீன் விற்ற கடைக்காரர்மேற் பழி விழும். பஞ்சையும் கல்லையும் கழுவ வேண்டுமாயின், தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே மெல்ல அலசுதல் வேண்டும்.

இனிப் பக்குவம் செய்யும் முறைகளைக் காண்போம். மிகப் பழையதும் செலவற்றதும் நீரை நிற்கவிடுதல். குளோரீன் வாயு நீரில் ஒட்டிக்கொண்டிராது. திறந்த பாத்திரத்தில் வைத்தால் மெல்ல மெல்லக் காற்றோடு போய்விடும். வாய் அகன்ற பாத்திரம் வேண்டும். நீர்மட்டம் அதிக ஆழமாக இருத்தலாகாது. வெயில் விழுமிடத்தில் வைத்தால் சூரிய ஒளியும் குளோரீனைச் சிதைத்து வேலையை விரைவுபடுத்தும். காற்றூதும் சிறு பம்பியை இட்டுக் குமிழி எழச்செய்தால் இன்னும் நன்று. ஒரு நாள் முழுவதும், அதாவது 24 மணி நேரம் நிற்கவிடுதல் பொதுவான வழக்கம். வாய் குறுகிய குடத்திலும் மூடி இறுக்கிய போத்தலிலும் வைத்துவிட்டு ஒரு நாள் கழிந்தது என்று கணக்கிடுவதிற் பயனில்லை. இன்னொன்றையும் மறத்தலாகாது. நீரைத் திறந்து வைக்கும் வழக்கம் டெங்கு நுளம்புக்கும் உவப்பானது. மெல்லிய வலைத்துணியாற் பாத்திரத்தின் வாயைக் கட்டிவிட்டால் வாயு வெளியேறும், நுளம்பு உட்புகாது. மறுநாள் நீரைப் பயன்படுத்திப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடவும் வேண்டும்.

வீட்டின் மேல் நீர்த்தாங்கி வைத்திருப்போர், நீர் அங்கே தங்கித்தானே வருகிறது, பின் குளோரீன் ஏது என்பர். மூடிய தாங்கியில் எவ்வளவு போயிற்று, எவ்வளவு எஞ்சிற்று என்று எவராலும் சொல்ல முடியாது. காலையில் எல்லோரும் குளித்து முடித்தபின் தாங்கி புதுநீரால் நிரம்பியிருக்கும். அவ்வேளையில் வருவது தெருக் குழாயின் நீரேயன்றி வேறன்று. மூக்கை நம்புவதும் பயன்தராது. மனித மூக்குக்கு எட்டாத அளவே மீனின் செவுளுக்குப் போதும். குளோரீன் இருந்தால் நீரை இளஞ்சிவப்பாக்கும் சோதனை மாத்திரைகள் விற்பனைக்கு உண்டு. ஒருமுறை வாங்கிப் பார்த்து, தன் வீட்டு நீர் எத்தகையது என்று அறிந்துகொள்வது புத்திசாலித்தனம்.

ஒரு நாள் காத்திருக்க இயலாதோர்க்கு இரண்டாவது வழி உண்டு. அதன் வரலாறு சுவையானது. 1819 இல் ஆங்கில விஞ்ஞானி ஜோன் ஹேர்ஷல் என்பார் ஓர் உப்பை ஆராய்ந்தபோது, அது வெள்ளிச் சேர்மங்களைக் கரைக்க வல்லது என்று கண்டார். இருபது ஆண்டுகளின் பின் புகைப்படக்கலை பிறந்தபோது, படத்தை அழியாமல் நிலைநிறுத்த அவ்வுப்பே கைகொடுத்தது. அக்காலத்தில் அதற்கு வழங்கிய நீண்ட பெயரைச் சுருக்கிப் புகைப்படக்காரர் 'ஹைப்போ' என்றனர். இன்று அதன் இரசாயனப் பெயர் சோடியம் தயோசல்பேற்று. படம் கழுவும் இருட்டறைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஆனால் அந்த வெண்பளிங்கு உப்பு மீன் விற்கும் கடைகளில் இன்றும் வாழ்கிறது. காரணம், அது குளோரீனைக் கண்ட மாத்திரத்திலே பற்றித் தீங்கற்ற குளோரைட்டாக மாற்றிவிடும். கறியுப்பில் உள்ளதும் அக்குளோரைட்டே. கடைகளில் நீலமாகவும் நிறமின்றியும் சிறு போத்தல்களில் விற்கப்படும் குளோரீன் நீக்கிகள் பலவற்றிற் கரைந்திருப்பது இவ்வுப்பே ஆகும்.

இதன் அளவு பற்றிப் பலர் குழம்புவதுண்டு. ஒரு மில்லிகிராம் குளோரீனை நீக்க ஏறத்தாழ 7 மில்லிகிராம் பளிங்குகள் வேண்டும். 10 கிராம் பளிங்கை ஒரு லீற்றர் நீரிற் கரைத்து வைத்துக்கொண்டால், அக்கரைசலின் ஒரு தேக்கரண்டியில், அதாவது 5 மில்லிலீற்றரில், 50 மில்லிகிராம் உப்பு இருக்கும்; அது ஏழு மில்லிகிராம் குளோரீனைப் போக்கும். 10 லீற்றர் கொள்ளும் சாதாரண வாளியில், லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் வீதம் 5 மில்லிகிராம் குளோரீன் இருக்குமாயின், ஒரு தேக்கரண்டி தாராளமாகப் போதும். மாரிகாலத்தில் குளோரீன் மணம் தெரியும் நாட்களில் இரண்டு தேக்கரண்டி இடலாம். சிறிது கூடிவிட்டாலும் மீனுக்குத் தீங்கில்லை. ஆனால் அதற்காகக் கைப்பிடி கைப்பிடியாகப் போடவேண்டியதில்லை. கரைசலை நிறமூட்டிய போத்தலில், வெளிச்சம் படாத இடத்தில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைத்தல் வேண்டும். நாட்பட்டால் அது வலுவிழக்கும், எனவே சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாகக் கரைத்துக்கொள்ளலாம். கடையில் வாங்கிய திரவமாயின் ஒவ்வொன்றும் ஒவ்வொரு செறிவுடையது. போத்தலில் எழுதியுள்ள அளவே அதற்குப் பிரமாணம்.

மருந்தை வாளியிலுள்ள நீருக்கே இடவேண்டும். கலக்கி ஓரிரு நிமிடம் விட்டபின்னரே தொட்டியில் ஊற்றவேண்டும். பெரிய தொட்டிக்கு இறப்பர்க் குழாயால் நேரே நீர் விடுவோர், முதலில் மருந்தைத் தொட்டியில் இட்டுவிட்டு, அதுவும் புதுநீரின் அளவுக்கு மாத்திரமன்றித் தொட்டி முழுவதன் அளவுக்கும் கணக்கிட்டு இட்டுவிட்டு, அதன்பின் நீரைத் திறத்தல் நன்று. தவறுதலாகப் பக்குவம் செய்யாத நீரை ஊற்றிவிட்டு, மீன்கள் திணறுவதைக் கண்டவர்க்கும் இவ்வுப்பே முதலுதவி. அவ்வேளையில் மீனைப் பிடித்து வேறு குழாய்நீரில் விடுவதைப்போன்ற பேதைமை வேறில்லை.

குளோரீனுக்கு ஒரு தம்பி உண்டு, அண்ணனிலும் பிடிவாதக்காரன். குளோரீனும் அமோனியாவும் சேர்ந்தால் குளோரமைன் பிறக்கும். கனடாவின் ஒட்டாவா நகரில் 1916 அளவில் இதனை நீர் வழங்கலிற் பயன்படுத்தத் தொடங்கினர். நெடுந்தூரக் குழாய்களிலும் இது ஆவியாகாமல் நிலைத்து நிற்பதால் மேல்நாட்டு நகரங்கள் பல இதனை விரும்பின. தொறொன்ரோவில் இன்றும் குளோரீனோடு அமோனியாவும் சேர்க்கப்படுகிறது. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ வளர்ந்த ஒருவர் அங்கு குடியேறி, ஊரிற் பழகிய வழக்கப்படி ஒரு நாள் நீரை நிற்கவிட்டுத் தொட்டியில் ஊற்றினால் ஏமாந்து போவார். நாட்கணக்கில் வைத்தாலும் குளோரமைன் எளிதிற் போகாது. அது செவுளை எரிப்பதோடு அமையாமல், அதனூடே குருதிக்குள்ளும் புகுந்து, ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினைக் கெடுத்துவிடும். குருதி கபில நிறமடையும். சிறுநீரக நோயாளரின் குருதியை இயந்திரத்தாற் சுத்திகரிக்கும் வைத்தியசாலைகளில், அவ்வியந்திரத்துக்குச் செல்லும் நீரைக் கரியினூடாக வடித்தெடுப்பதற்கும் இதுவே காரணம். அங்கே நோயாளியின் குருதிக்கும் நீருக்கும் இடையில் இருப்பதும் ஒரு மெல்லிய தோலே. மீனின் நிலைக்கு மனிதன் இறங்கும்போது, மீனின் ஆபத்து மனிதனுக்கும் வந்துவிடுகிறது.

ஹைப்போ குளோரமைனையும் உடைக்கும். ஆயின் உடைந்தபின் அமோனியா எஞ்சும். அந்த அமோனியா எவ்வளவு கொடியது என்பது நீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. நீரில் அமோனியா இரு வடிவங்களில் இருக்கும்; ஒன்று நஞ்சு மிக்கது, மற்றது அவ்வளவு தீயதன்று. அமிலமும் காரமும் சமமாகவுள்ள நீரில், அதாவது பி.எச். 7 ஆன நீரில், 28 பாகை வெப்பத்தில், நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே நஞ்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆகும்போது அது நூற்றுக்கு ஆறரைப் பங்காக உயர்ந்துவிடும். பற்றீரியாக்கள் நன்கு வேரூன்றிய பழைய தொட்டி இவ்வமோனியாவை விரைந்து விழுங்கிவிடும். புதுத் தொட்டியால் இயலாது. அமோனியாவையும் சேர்த்துக் கட்டிப்போடும் மருந்துகளும் உண்டு. குளோரமைன் வழங்கும் ஊர்களில் அவற்றையே வாங்குதல் தக்கது. ஆற்றுநீரிலேயே அமோனியா சிறிது கலந்திருந்தால், குளோரீன் மாத்திரம் சேர்க்கும் ஊரிலுங்கூடக் குளோரமைன் கொஞ்சம் தானாகவே உண்டாகிவிடும். ஆகவே நிற்கவிட்ட நீருக்கும் சில துளி ஹைப்போ இடும் வழக்கத்தை மிகைப்பட்ட எச்சரிக்கை என்று சொல்வதற்கில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் பிற ஊர்களிலும் கிணற்று நீரைப் பயன்படுத்துவோருக்கு இத்தொல்லை சாதாரண நாட்களில் இல்லை. அங்கே கதை வேறு. சுண்ணாம்புக் கற்பாறையில் ஊறிய நீர் கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் அதுவே. குப்பி, மொலி முதலிய மீன்கள் இவ்வன்னீரை விரும்பியே வாழும். அமேசன் ஆற்றின் மென்னீரிற் பிறந்த நியோன் போன்றவை அதிற் செழிக்கா. மழைநீரைக் கலந்து வன்மையைத் தணிக்கலாம். கூரையில் முதலில் விழும் மழையை விட்டுவிட்டுப் பின்னர் வருவதைப் பிடித்தல் வேண்டும். புதிதாகக் கட்டிய சீமெந்துத் தொட்டியும் சுண்ணாம்பை விட்டுக்கொண்டே இருக்கும். அதில் நீரை நிரப்பி, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு அழுகவிட்டு, பலமுறை நீரை மாற்றிய பின்னரே மீன் விடுவது ஊர்வழக்கம்; அது பொருளற்ற வழக்கமன்று.

நீரின் வெப்பத்தைப் பற்றி ஒரு சொல். வெயிலில் நின்ற வாளி நீர் சூடாக இருக்கும். தொட்டி நீரோ குளிர்ந்திருக்கும். கையை இரண்டிலும் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். தெரியுமாயின் பொறுத்திருக்க வேண்டும். அழுத்தத்தோடு குழாயிலிருந்து பாய்ந்துவரும் நீரில் காற்று மிகையாகக் கரைந்திருப்பதும் உண்டு. அதனை உடனே ஊற்றினால் கண்ணாடியிலும் செடியிலும் மீனின் உடலிலும் முத்து முத்தாகக் குமிழிகள் படியும். காண அழகாயிருப்பினும் மீனின் குருதிக்குள்ளும் அவ்வாறே குமிழி தோன்றின் அது நோயாகும். வாளியில் சற்றுநேரம் கலக்கி விட்டால் மிகைக் காற்று போய்விடும்.

இவையெல்லாம் பொழுதுபோக்காக மீன் வளர்ப்போரின் கவலை என்று எண்ணி ஒதுக்குவதற்கில்லை. நுளம்புப் புழுக்களை உண்ணும் குப்பி மீன்களை வீட்டு நீர்த்தொட்டிகளிலும் கிணறுகளிலும் விடும்படி சுகாதாரப் பகுதியினர் மக்களைத் தூண்டி வருகின்றனர். இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் அறிவித்தது. அவ்வாண்டு முடியுமுன்னரே, கிணறுகளில் முட்டையிடும் புதிய மலேரியா நுளம்பினம் ஒன்று மன்னாரிற் கண்டுபிடிக்கப்பட்டது. கிணற்றில் விட்ட மீன் அன்றிலிருந்து அழகுப்பொருளாக மாத்திரம் இருக்கவில்லை, ஊர்க்காவலும் ஆயிற்று. தென்னமெரிக்காவிலிருந்து வந்த அம்மீனைக் கிணற்றோடும் தொட்டியோடும் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஓடையில் விட்டால் லே தித்தயா போன்ற உள்ளூர்ச் சிறுமீன்களுக்கு அது இடையூறாகும்.

வெள்ளம் வடிந்தபின், மக்கள் பிளீச்சிங் பவுடர் என்று சொல்லும் வெளிற்றுந்தூளைக் கரைத்துக் கிணறுகளுக்கு இடுவர். 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்கிலும் வடக்கிலும் எத்தனையோ கிணறுகளுக்கு அவ்வாறு இடப்பட்டது. இடத்தான் வேண்டும், நெருப்புக்காய்ச்சலோடு விளையாட முடியாது. ஆனால் அத்தூளின் வலிமை குளோரீனின் வலிமையே. அன்று அக்கிணறு குழாய்நீரைவிடப் பன்மடங்கு கொடிய நீராகிவிடும். உள்ளேயிருக்கும் குப்பிகள் ஒன்றும் மிஞ்சா. மீன் இறந்த கிணற்றில் நுளம்பு மீண்டும் முட்டையிடும். தூள் இடுமுன்னர் மீன்களை வலையால் அள்ளி, அதே கிணற்றின் பழைய நீர் நிறைந்த பெரிய பாத்திரத்தில் விட்டு நிழலில் வைத்துவிட்டால் இழப்பில்லை. கிணற்றுக்குள் ஹைப்போவைக் கொட்டுதல் கூடாது. கிருமியைக் கொல்ல இட்ட மருந்தையே அது அழித்துவிடும். பல நாட்கள் நீர் அள்ளப்பட்டு ஊறி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் சோதனைக் குழாயில் நிறம் தோன்றாத நாள் வரும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். அதன் பின்னரும் எல்லா மீனையும் ஒரே முறையில் விடாமல், கிணற்று நீரை ஒரு வாளியில் அள்ளி, இரண்டு குப்பிகளை மாத்திரம் அதில் விட்டு மறுநாட்காலை வரை பார்த்துவிட்டு, எஞ்சியவற்றை இறக்கலாம்.